சிறுநீரில் சிக்கிய சாட்சி

மாற்று உறுப்பின் வரலாறு – பகுதி 11

மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒருவர் வாழும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் ஒன்று உண்டு: அவருக்குக் கடைசியாக எடுத்த கிரியாட்டினின். வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டை வழியாக மதுரைக்குப் பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்புகிறவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வந்திருக்கு?" என்பதுதான். 1.2 என்றால் சோறு இறங்கும். 1.9 என்றால் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

இவ்வளவு நம்புகிறோமே, அந்த எண் நம்பத் தகுந்த சாட்சிதானா? பாதி அளவுக்குத்தான்.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றுகிறது. சிறுநீரகம் அடிபட்ட பிறகுதான் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். அதற்கு முன் அது வாய் திறக்காது. வாய் திறந்தாலும் காரணத்தைச் சொல்லாது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் புதிய உறுப்பைத் தாக்கியிருக்கலாம். அந்தத் தாக்குதலைத் தடுக்கக் கொடுத்த டேக்ரோலிமஸ் மாத்திரையே அளவு கூடிக் கெடுத்திருக்கலாம். பி.கே. என்கிற வைரஸ் தலைதூக்கியிருக்கலாம். சித்திரை வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் தோட்டத்தில் நின்றதாகக்கூட இருக்கலாம். வைத்தியமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், பி.கே. வைரஸ் என்றால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீரகம் போய்விடும்.

அதனால்தான் பயாப்சி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து மெல்லிய துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பதில் தெளிவாகக் கிடைக்கும். ஆனால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு, படுக்கையில் கிடக்க வேண்டும், செலவு உண்டு. வாரா வாரம் ஊசி குத்திப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தாக்குதல் தொடங்கும்போதே, உடம்பில் துளை போடாமல், அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி நெடுங்காலம் மருத்துவர்களை உறுத்திக்கொண்டிருந்தது.

உறுப்பு மாற்றின் கதையை அறுவை அரங்கிலிருந்து மட்டும் சொல்வது பெரும்பாலான நூல்களின் பழக்கம். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே ஓர் இரட்டையரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார் என்று தொடங்கி, 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று வந்து முடிப்பார்கள். அந்த வரிசை சரியானதே. ஆனால் முர்ரேயின் நோயாளிகள் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பதால்தான் அந்த அறுவை வென்றது. அவர்களுக்குள் 'அந்நியம்' என்ற பேச்சே இல்லை. மற்றவர்களுக்கு அறுவை ஒரு நாளில் முடிகிற காரியம், நிராகரிப்போடு மல்லுக்கட்டுவது ஆயுள் முழுக்க. அந்த மல்லுக்கட்டின் வரலாற்றைக் கத்தி பிடிக்காதவர்கள்தான் எழுதினார்கள். அவர்களில் சிலரின் பெயர்கள் நம் காதுக்குப் பழகிய தமிழ்ப் பெயர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீட்டர் மெடவார் என்ற விலங்கியல் அறிஞர், தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்று ஆராய்ந்தார். கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் கண்டது இது: ஒருவரிடமிருந்து எடுத்த தோலை முதல்முறை ஒட்டினால் சில நாட்கள் தாங்குகிறது, அதே ஆளின் தோலை மறுமுறை ஒட்டினால் முன்னைவிட வேகமாக உதிர்கிறது. உடம்பு முதல் தடவை கண்டதை நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே இது நோயெதிர்ப்பின் வேலை. 1943இல் வெளியான இந்த முடிவிலிருந்துதான் மாற்று உறுப்பின் அறிவியல் பிறக்கிறது. 1960இல் மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தாக்குவது யார்? 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பதில் சொன்னார். மார்புக்கூட்டுக்குள் இதயத்துக்கு மேலே இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி அதுவரை பெரிதாக எந்த வேலையும் இல்லாததாகக் கருதப்பட்டது. பிறந்த உடனேயே தைமஸை எடுத்துவிட்ட எலிக்குட்டிகள் வளர்ந்த பிறகு வேறு எலியின் தோலை மறுக்காமல் ஏற்றுக்கொண்டன என்று மில்லர் காட்டினார். தைமஸில் பக்குவப்படும் வெள்ளணுக்கள்தான் நிராகரிப்பின் படை. 'டி' அணுக்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்ததே தைமஸின் முதலெழுத்தால்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், மில்லரின் ஆய்வு வெளிவந்த பிறகும் மெடவார் அதை எளிதில் ஏற்கவில்லை. தைமஸில் அந்த அணுக்கள் இருப்பது பரிணாமத்தின் ஒரு தற்செயல், பெரிய பொருள் இல்லை என்றே அவர் கருதினார். பெரிய மூளைகளும் இப்படி வழுக்குவதுண்டு.

எலியில் சரி. மற்ற உயிர்களில்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் மதுரையில் இருந்தார்கள். பேராசிரியர் வீ.ஆர். முத்துக்கருப்பன் இந்தியாவில் நோயெதிர்ப்பியலை ஒரு துறையாக வளர்த்தவர்களில் முன்னோடி. அவரும் அவருடைய மாணவர்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிராணி வேலியோரம் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணான். ஊர்ப் பையன்கள் கல்லெறிந்து துரத்துகிற அதே ஓணான்தான். அதன் மண்ணீரலில் தைமஸை நம்பியிருக்கும் பகுதிகள் எவை என்று முத்துக்கருப்பனும் ரா.மு. பிச்சப்பனும் எழுதிய கட்டுரை 1977இல் அமெரிக்க விலங்கியல் இதழொன்றில் வெளிவந்தது. ஊர்வனவற்றிலும் தைமஸுக்குக் கட்டுப்பட்ட எதிர்ப்பு அமைப்பு இருக்கிறது என்பதற்கு மதுரையிலிருந்து போன சான்று அது. அப்போது அது மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் பெயர் சேர்ந்தது அடுத்த ஆண்டில். முத்துக்கருப்பன் பின்னாளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்து, கருவிழி ஸ்டெம் செல் ஆய்வுகளை நடத்தினார்.

பிச்சப்பன் ஓணானை விட்டு மனிதர்களிடம் வந்தார். மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் கிராமத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து முதலில் புறப்பட்டுவந்த மனிதர்களின் மரபணு அடையாளத்தைக் கண்டவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய நெடுநாள் வேலை எச்.எல்.ஏ. மீதுதான்.

எச்.எல்.ஏ. என்பது நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதக் குடும்பம். செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை வெளியே ஏந்திக் காட்டுவது அதன் வேலை. டி அணு அதைப் படித்துப் பார்த்து 'நம்மது', 'அந்நியம்' என்று முடிவு செய்கிறது. ஆறாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் போல வேறெந்த மனித மரபணுவும் வேறுபடுவதில்லை. தாயிடமிருந்து ஒரு தொகுப்பு, தகப்பனிடமிருந்து ஒரு தொகுப்பு. ஆகவே பெற்றோரும் பிள்ளையும் பாதி பொருந்துவார்கள். கூடப் பிறந்தவர்கள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிவந்த குடும்பங்களில் தாயும் தகப்பனும் ஒரே தொகுப்பைச் சுமந்திருக்கும் வாய்ப்பு சற்றே கூடுதல். சொந்தத்தில் பெண் எடுப்பதன் கெடுதிகளை எல்லோரும் பேசுகிறார்கள்; எச்.எல்.ஏ. ஆய்வுக்கூடத்தில் மட்டும் அது எப்போதாவது ஒரு நோயாளிக்குக் கைகொடுக்கிறது.

நோய்களும் இந்தப் புரதங்களைப் பார்த்து நடந்துகொள்கின்றன. 1991இல் பிச்சப்பன் குழு வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியர்களில் நுரையீரல் காசநோய்க்கும் எச்.எல்.ஏ. வகைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. டி.ஆர்.2 என்ற வகை இதில் முக்கியமாகத் தலைகாட்டியது. இந்தியாவில் நடந்த வேறு ஆய்வுகள் அதே வகைக்கும் தொழுநோய்க்கும் தொடர்பு கண்டன. வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய் பிடித்து 1912இல் வெளியே வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்தது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசியே 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். ஒரே கிருமி ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை ஏன் பிடிக்கிறது என்பதில் எச்.எல்.ஏ.வுக்கும் பங்குண்டு என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. மாற்று உறுப்பை மறுக்கிற அதே அமைப்புதான் இதையும் நிர்ணயிக்கிறது.

மீண்டும் சிறுநீரகத்துக்கு வருவோம். பொருத்தம் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அறுவை மருத்துவர்களுக்கு உறைக்கவைத்தது 1969இல் வெளிவந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த படேலும் பால் டெராசாகியும். கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு பெறுபவரின் ரத்த நீரைக் கலந்து பார்த்தார்கள். அணுக்கள் செத்தால், பெறுபவரின் உடம்பில் அந்த உறுப்புக்கு எதிரான ஆன்டிபாடி முன்பே தயாராக இருக்கிறது என்று பொருள். அப்படி இருந்த 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனடியாகச் செத்தது. இல்லாத 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டும். இன்றும் அறுவைக்கு முன் 'கிராஸ்மேட்ச் சரியா வரணும்' என்று நம் மருத்துவமனைகளில் காத்துக்கிடப்பது அந்தக் கணக்கால்தான்.

பொருத்தம் பார்த்தும் டி அணுக்கள் ஓயவில்லை. அவற்றை அடக்க 1970களில் ஒரு மருந்து கிடைத்தது. நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்து மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து சாண்டோஸ் நிறுவனம் எடுத்த சைக்ளோஸ்போரின் அது. 1983இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது. உறவினர் அல்லாதவரின் சிறுநீரகம் ஓர் ஆண்டு தாக்குப்பிடிப்பதே சந்தேகமாக இருந்த நிலை மாறியது. உலகம் கொண்டாடியது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே சங்கடமான கேள்வி ஒன்றைக் கேட்டவர் மாணிக்கம் சுதந்திரன். நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வருவது தெரிந்த செய்தி. எதிர்ப்பு சக்தி அடங்கிக் கிடப்பதால் புற்றணுக்கள் தப்பிக்கின்றன என்பதுதான் எல்லோரும் சொன்ன விளக்கம். அது மட்டும்தானா என்று அவர் குழு பார்த்தது. எதிர்ப்பு அணுக்களே இல்லாத எலிகளுக்குப் புற்றணுவைச் செலுத்தி, சைக்ளோஸ்போரினும் கொடுத்தார்கள். அடக்குவதற்கு எதிர்ப்பே இல்லாத அந்த எலிகளிலும் புற்று வேகமாகப் பரவியது. மருந்து புற்றணுவையே நேரடியாக மாற்றுகிறது, டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைத்து, ஓரிடத்தில் கிடந்த அணுவை நகர்ந்து ஊடுருவும் அணுவாக்குகிறது. அந்தப் புரதத்தைத் தடுத்தால் பரவலும் தணிந்தது. 1999 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. உயிர் காக்கும் மருந்தைப் பற்றி இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும்.

ஆனால் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது சிறுநீர்.

யோசனை எளிமையானது. நிராகரிப்பின்போது கொலைகார டி அணுக்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் நுழைகின்றன. நுழைந்தவை சிறுநீரோடு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அந்த அணுக்கள் கொலைக்கு இரண்டு புரதங்களைப் பயன்படுத்துகின்றன. பெர்ஃபோரின் எதிரிச் செல்லின் சவ்வில் துளை போடும். கிரான்சைம்-பி உள்ளே போய் அந்தச் செல்லைச் சாகவைக்கும். இவற்றைத் தயாரிக்கச் சொல்லும் ஆணைதான் எம்-ஆர்.என்.ஏ. சிறுநீரில் விழுந்த செல்களில் அந்த ஆணை எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், ஊசி குத்தாமலே உள்ளே நடக்கும் சண்டை தெரிந்துவிடும். அளக்கும் முறை பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே அடிப்படை.

2001இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அந்த ஆய்வு வந்தது. பயாப்சியில் நிராகரிப்பு உறுதியான 22 பேரின் 24 சிறுநீர் மாதிரிகளையும், நிராகரிப்பு இல்லாத 63 பேரின் 127 மாதிரிகளையும் ஒப்பிட்டார்கள். பெர்ஃபோரின் ஆணையை மட்டும் அளந்த சோதனையே, நிராகரிப்பு உள்ளவற்றில் 83 விழுக்காட்டைச் சரியாகப் பிடித்தது. இல்லாதவற்றில் 83 விழுக்காட்டை இல்லை என்றது. அதுவரை கழிவென்று கொட்டிய திரவம் ஆய்வுக்கூடத்தில் ஆதாரமாயிற்று.

அடுத்த கட்டுரை 2005இல். முதல் பெயர் தங்கமணி முத்துக்குமார். கடைசிப் பெயர் சுதந்திரன். அறிவியல் கட்டுரையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது என்பது வழக்கம். உலகின் முதன்மையான மருத்துவ இதழில் இரு முனையிலும் தமிழ்ப் பெயர்கள். இந்த முறை அவர்கள் தேடியது தாக்கும் அணுவை விட்டுவிட்டு, தாக்குதலை அடக்கும் அணுவை. டி அணுக்களில் சமாதானம் செய்கிற ஒரு பிரிவு உண்டு. ஃபாக்ஸ்-பி3 என்ற மரபணு அதன் அடையாளம். நிராகரிப்பு வந்தவர்களிலும் சிறுநீரில் ஃபாக்ஸ்-பி3 ஆணை அதிகம் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததும் சிறுநீரகம் மீண்டது. குறைவாக இருந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் உறுப்பு கைவிட்டுப்போகும் அபாயம் கூடியிருந்தது. அதாவது நிராகரிப்பு வந்துவிட்டது என்பதோடு, அது அடங்குமா அடங்காதா என்றும் சிறுநீர் கோடிகாட்டியது.

பெரிய சோதனை 2013இல் முடிந்தது. அமெரிக்காவின் பல மாற்று மையங்களைச் சேர்ந்த 485 பேரிடம் அறுவை முடிந்த மூன்றாம் நாள் முதல் ஓராண்டு வரை 4,300 சிறுநீர் மாதிரிகள் சேர்த்தார்கள். மூன்று ஆர்.என்.ஏ. அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் உருவாக்கினார்கள். இதில் நோயாளிக்கு வேண்டிய முடிவு ஒன்றுதான்: நிராகரிப்பு வந்தவர்களிடம் அந்த மதிப்பெண் பயாப்சிக்கு முந்தைய 20 நாட்களில் செங்குத்தாக ஏறியிருந்தது. வராதவர்களிடம் அது கிடந்த இடத்தில் கிடந்தது. 20 நாள் என்பது சிறுநீரகத்துக்கு நீண்ட காலம். மருந்தைச் சரிசெய்ய அது தாராளமாகப் போதும்.

அப்படியானால் இன்று மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஏன் எல்லா லேபிலும் இந்தச் சோதனை இல்லை? ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துபோகும் பொருள். மாதிரி எடுத்த கையோடு செல்களைப் பிரித்துப் பதப்படுத்த வேண்டும். நோயாளியே வீட்டில் வடிகட்டி அனுப்பக்கூடிய முறையை அதே நியூயார்க் ஆய்வகம் பின்னாளில் உருவாக்கிப் பார்த்தது. இன்னொரு குறையும் உண்டு. இது டி அணுக்கள் நடத்தும் நிராகரிப்புக்கான சோதனை. ஆன்டிபாடி வழியே வரும் நிராகரிப்புக்கு வேறு சாட்சி தேவை. நூற்றுக்கு இருபது பேரிடம் தவறுகிற சோதனையை மட்டும் நம்பி வலுவான மருந்தைச் செலுத்த எந்த மருத்துவரும் தயங்குவார். ஆகவே இறுதித் தீர்ப்பு இன்னும் பயாப்சியிடம்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படுவது கூடிக்கொண்டே போகிறது. 2008இல் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடுத்தது மாநிலத்தையே உலுக்கியது. அதே ஆண்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டமும் தொடங்கியது. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். அதன்படி முதலில் மரியாதை பெற்றவர்களில் ஒருவர் தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த்துறை ஊழியர். வத்தலக்குண்டுக்குப் பக்கத்துச் சீமை. இப்படிக் கிடைக்கும் உறுப்பு முன்பின் அறியாதவருடையது. அம்மா கொடுக்கும் சிறுநீரகத்தில் பாதிப் பொருத்தமாவது உறுதி. இங்கே அதுவும் இல்லை. நிராகரிப்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வழி யாருக்காவது அவசரமாகத் தேவை என்றால் இவர்களுக்குத்தான். ஓணானின் மண்ணீரலை அறுத்துப் பார்த்த மதுரையில் இந்தச் சோதனையை நம் நோயாளிகளிடம், நம் வெயிலில், நம் எச்.எல்.ஏ. வகைகளோடு செய்துபார்க்க ஆளும் அறிவும் இல்லாமல் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். டேக்ரோலிமஸ் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பயாப்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பயந்து நாள் கடத்தாதீர்கள். அடுத்த பகுதியில் வேலூர், 1971.

(தொடரும்)